நுகர்வோர் நடத்தை பாடத்துக்கு எது முதுகெலும்பு: விரிவுரையா, கேஸ் ஸ்டடியா, சிமுலேஷனா, ப்ராஜெக்டா, வகுப்பறைச் சோதனையா?

அடுத்த செமஸ்டரில் நுகர்வோர் நடத்தை எடுக்கச் சொல்லி உங்கள் கையில் சிலபஸைக் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாடத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை யாரோ ஏற்கெனவே முடிவு செய்து, யூனிட் யூனிட்டாகப் பிரித்தும் வைத்திருப்பார்கள். உங்களுக்கென்று விடப்பட்டிருப்பது ஒரே ஒரு முடிவுதான், வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியை எதில் செலவழிப்பது என்பது. விரிவுரை, கேஸ் ஸ்டடி, கணினி சிமுலேஷன், ஒரு நிறுவனத்துக்காகச் செய்யும் நேரடி ப்ராஜெக்ட், வகுப்பிலேயே செய்து பார்க்கும் சின்னச் சின்னச் சோதனைகள். பொதுவாகக் கைக்கு எட்டும் வழிகள் இந்த ஐந்துதான். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும், ஆனால் அப்படிப் போனால் எதுவும் ஆழமாக இறங்காது, மாணவர்களும் ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு விளையாட்டின் விதிகளைக் கற்றுக்கொண்டே இருப்பார்கள்.

ஒப்பிடுவதற்கு முன்னால் எதை வைத்து ஒப்பிடுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வேதியியலோ கணக்கியலோ கற்க வருபவர் தனக்கு அது தெரியாது என்று தெரிந்துதான் வருகிறார். இங்கே வருபவர் சின்ன வயதிலிருந்தே பொருள் வாங்கிக்கொண்டிருப்பவர். அதனால் நீங்கள் எந்தக் கோட்பாட்டைச் சொன்னாலும் 'ஆமாம், அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே' என்று தலையாட்டுவார். தெரிவுகள் அதிகமானால் வாங்குவது குறையும் என்று சொல்லிப் பாருங்கள், தலையாட்டுவார்கள். அடுத்த வகுப்பில் தெரிவுகள் அதிகமானால் வாங்குவது கூடும் என்று சொல்லுங்கள், அதற்கும் தலை ஆடும். இரண்டுக்கும் சொந்த வாழ்க்கையிலிருந்தே ஆளுக்கொரு உதாரணம் கொடுப்பார்கள். ஆகவே என் அளவுகோல் இதுதான்: மாணவர் முதலில் ஒரு கணிப்பை எழுதிக் கொடுத்து, அது சரியா தவறா என்று பிறகு தானே பார்க்கும் வாய்ப்பு எந்த முறையில் அதிகமாகக் கிடைக்கிறது? செலவு, நேரம், வகுப்பின் அளவு எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

விரிவுரையிலிருந்து தொடங்கலாம். அதைக் கேவலமாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நூற்றுக்கும் மேல் மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் சிலபஸை முடிக்க அதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. சில விஷயங்களுக்கு விரிவுரைதான் சரியான வடிவமும்கூட. உதாரணமாக, 1963-இல் சமூகவியலாளர் வில்லியம் மெக்ஃபீ கவனித்து, பிறகு மார்க்கெட்டிங் ஆய்வாளர் ஆண்ட்ரூ எரன்பெர்க் பிராண்டுகளுக்குப் பொருத்திக் காட்டிய ஒரு ஒழுங்கு உண்டு: சிறிய பிராண்டுக்கு வாங்குபவர்களும் குறைவு, இருக்கும் வாங்குபவர்கள் திரும்ப வாங்குவதும் சற்றுக் குறைவு. இதை ஒரு அட்டவணையைத் திரையில் போட்டு இருபது நிமிடம் பொறுமையாக விளக்கினால் போதும், குழு விவாதம் எதுவும் வேண்டாம்.

ஆனால் விரிவுரையை மட்டுமே முதுகெலும்பாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓரளவு நல்ல தரவு இருக்கிறது. 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வெறும் விரிவுரை நடந்த வகுப்புகளில் தோல்வி விகிதம் சராசரியாக 33.8 சதவீதம், மாணவர்களைச் செயலில் ஈடுபடுத்திய வகுப்புகளில் 21.8 சதவீதம். அது மார்க்கெட்டிங் பாடம் இல்லைதான், இருந்தாலும் நம் பாடத்துக்கு மட்டும் இது தலைகீழாக இருக்கும் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. இன்னொரு ஆய்வை நீங்கள் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது உங்கள் ஃபீட்பேக் மதிப்பெண்ணைத் தொடும் விஷயம். 2019-இல் ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில், செயல்வழிக் கற்ற மாணவர்கள் உண்மையில் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்துவிட்டது போல இருக்கும், தானே திணறிச் செய்யும்போது எதுவும் புரியாதது போல இருக்கும். அதனால் முறையை மாற்றப் போகிறீர்கள் என்றால் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுங்கள், துறைத் தலைவரிடமும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

விரிவுரையில் எனக்குள்ள பெரிய கவலை வேறு. பாடப்புத்தகத்தில் இருக்கும் பழைய கதைகள் ஆசிரியரின் குரலில் வரும்போது உறுதியான உண்மையாக மாறிவிடுகின்றன. மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிய மாஸ்லோவின் 1943 கட்டுரையில் பிரமிடே கிடையாது, அந்தப் படம் பின்னால் வேறு யாரோ வரைந்தது, ஆனால் எந்த மாணவரைக் கேட்டாலும் மாஸ்லோ என்றதும் முக்கோணம்தான் வரைவார். 1957-இல் ஜேம்ஸ் விக்கரி என்ற சந்தை ஆய்வாளர், திரையரங்கில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் செய்தி காட்டி பாப்கார்ன் விற்பனையைக் கூட்டியதாகச் சொன்னார். தன்னிடம் போதிய தரவு இருக்கவில்லை என்று 1962-இல் அவரே ஒப்புக்கொண்ட பிறகும் அந்தக் கதை வகுப்பறைகளில் உயிரோடு இருக்கிறது. பிபிடி-யில் ஒரு ஸ்லைடாக வருவதை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அப்புறம் கேஸ், அதாவது ஒரு நிறுவனம் சந்தித்த சிக்கலை எழுத்தில் கொடுத்து வகுப்பில் விவாதிக்கும் முறை. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் முதல் கேஸ் எழுதப்பட்டது 1921-இல், நூறு வருடம் தாங்கிய முறை. முடிவெடுக்கவும், அரைகுறைத் தகவலோடு ஒரு நிலைப்பாட்டை எடுத்து நாலு பேர் முன்னால் வாதாடவும் பழக்குவதில் அதற்கு இணை இல்லை. நீங்கள் எடுக்கப்போவது மார்க்கெட்டிங் மேனேஜ்மென்ட் என்றால், யோசிக்காமல் கேஸையே முதுகெலும்பாக வையுங்கள் என்பேன். நுகர்வோர் நடத்தைக்கு எனக்குத் தயக்கம் இருக்கிறது. கேஸின் கதாநாயகர் எப்போதும் மேனேஜர்தான். வாங்குபவர் கடைசிப் பக்கத்தில் ஒரு அட்டவணையாக வந்து போவார், ஒன்றரை மணி நேரம் மேனேஜர் என்ன செய்ய வேண்டும் என்று பேசிவிட்டு, வாங்குபவர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்பதைத் தொடாமலே வகுப்பு முடிந்துவிடும்.

இன்னொன்று, முடிவு எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. நியூ கோக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1985 ஏப்ரல் 23 அன்று கோகோ கோலா தன் சுவையை மாற்றியது, ஜூலை 11 அன்று பழைய சுவையைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தது, 79 நாள்தான். இதை முழுக் கதையாகக் கொடுத்தால் எல்லா மாணவர்களும் ஒரே குரலில் 'அவர்கள் வாடிக்கையாளரின் உணர்வைப் புரிந்துகொள்ளவில்லை' என்பார்கள், அதில் யாரும் எதுவும் கற்றிருக்க மாட்டார்கள். அதையே பிராண்டின் பெயரை மறைத்து, ஏப்ரல் 22 வரை நிறுவனத்திடம் இருந்த தகவலை மட்டும் கொடுத்துப் பாருங்கள்: சந்தைப் பங்கு குறைந்துகொண்டே வருகிறது, போட்டியாளர் சுவையில் ஜெயிக்கிறார், கிட்டத்தட்ட 2 லட்சம் பேரிடம் நடத்திய சுவைச் சோதனையில் புதிய கலவைதான் முன்னால் நிற்கிறது. மாற்றலாமா, வேண்டாமா? தாளில் எழுதி, காரணத்தோடு கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் மாற்றலாம் என்றுதான் எழுதுவார்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும்போதுதான், சுவைச் சோதனையில் யாரும் 'பழையது இனிமேல் கிடைக்காது, பரவாயில்லையா' என்ற கேள்வியை உண்மையான இழப்பாக எதிர்கொள்ளவில்லை என்பது உறைக்கும். கேஸ் வைப்பதானால் இப்படி வையுங்கள். எழுத்து வடிவில் கேஸ் அனாலிசிஸ் வீட்டுக்குக் கொடுத்து மதிப்பெண் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள், சாட்பாட் ஒரு நிமிடத்தில் எழுதித் தந்துவிடும் ஒன்றைத் திருத்தி உங்கள் ஞாயிற்றுக்கிழமையை வீணாக்காதீர்கள்.

சிமுலேஷனைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. 1970-களில் இன்சியாட் என்ற வணிகப் பள்ளியில் உருவான மார்க்ஸ்ட்ராட் போன்ற மார்க்கெட்டிங் விளையாட்டுகள், போட்டி, பட்ஜெட், காலம் மூன்றையும் ஒன்றாகச் சமாளிக்க நன்றாகவே பழக்குகின்றன, மாணவர்கள் தூக்கத்தை விட்டுவிட்டு விளையாடுவார்கள். ஆனால் அதில் வரும் நுகர்வோர் என்பவர் யாரோ எழுதி வைத்த சமன்பாடு. சில சுற்றுகள் போனதும் அணிகள் வாங்குபவரை மறந்துவிட்டு, விளம்பரச் செலவுக்கு அல்காரிதம் எவ்வளவு எடை கொடுக்கிறது என்று கண்டுபிடிப்பதில் இறங்கிவிடும். கணிப்பும் பதிலும் இருக்கிறது, சரி, ஆனால் கணிக்கப்படுவது மனிதர் இல்லை. தலைக்கு இவ்வளவு என்று லைசன்ஸ் கட்டணமும் உண்டு. மார்க்கெட்டிங் ஸ்ட்ராட்டஜிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரடி ப்ராஜெக்ட்தான் எல்லாருக்கும் பிடித்தது. கல்லூரி நிர்வாகத்துக்குப் பிடிக்கும், மாணவரின் பயோடேட்டாவில் நன்றாக இருக்கும், நிறுவனத்துக்கு இலவச உழைப்பு. உண்மையான குழப்பத்தை, அதாவது யாரும் தெளிவாகக் கேள்வி கேட்காத, தரவு முழுதாகக் கிடைக்காத நிலையை, இதைப்போல வேறு எந்த முறையும் காட்டாது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? நிறுவனம் 'எங்கள் புதுத் தயாரிப்பை மக்கள் விரும்புவார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேட்கும். மாணவர்கள் கூகுள் ஃபார்மில் பத்துக் கேள்வி போட்டு நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் விடுவார்கள். 'இந்தப் பொருளை வாங்குவீர்களா' என்ற கேள்விக்கு நண்பனுக்காக எல்லாரும் 'கண்டிப்பாக' என்று அழுத்துவார்கள். கடைசியில் ஒரு வட்ட வரைபடம், கைதட்டல், சான்றிதழ். மனிதர் சொல்வதும் செய்வதும் ஒன்றல்ல என்பதுதான் இந்தப் பாடத்தின் முதல் பாடம், செமஸ்டர் முழுக்க அதை நடத்திவிட்டு, அதற்கு நேர் எதிரான ஒன்றுக்கு அதிக மதிப்பெண் கொடுத்து அனுப்புகிறோம். இது எனக்கு நிஜமாகவே வருத்தம் தரும் விஷயம்.

ப்ராஜெக்ட் வேலை செய்ய வேண்டுமென்றால் மூன்று விஷயம் ஒன்றாக அமைய வேண்டும். வகுப்பில் முப்பது பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நிறுவனம் கருத்துக்கணிப்பு மட்டும் கேட்காமல், விற்பனைத் தரவைத் தர வேண்டும் அல்லது கடைக்குள் நின்று கவனிக்க அனுமதிக்க வேண்டும் (கவனிக்கப்படும் ஆட்களின் அந்தரங்கத்துக்கும் உங்கள் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவுக்கும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்). கேள்வி குறுகலாக இருக்க வேண்டும், 'எங்கள் பிராண்டை எப்படி வளர்ப்பது' என்ற அளவில் அகலமாக இருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்த மூன்றும் உங்களுக்கு அமைந்தால், என் தேர்வை விட்டுவிட்டு நேரடி ப்ராஜெக்ட்டுக்கே போகலாம்.

என் தேர்வு வகுப்பறைச் சோதனை. மாணவர்களே பங்கேற்பாளர்கள், அவர்களுடைய பதில்களே தரவு, முடிவு அதே மணி நேரத்தில் பலகையில். எளிமையான ஒன்று இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஒரு தாளில் இரண்டு கேள்வி: விளம்பரம் உங்களை எவ்வளவு பாதிக்கிறது, பத்துக்கு எத்தனை? இந்த வகுப்பில் மற்றவர்களை எவ்வளவு பாதிக்கிறது? சராசரியை எடுத்தால் இரண்டாவது எண் முதலாவதைவிட மேலே நிற்பதுதான் வழக்கம். "சார், நான் விளம்பரம் பார்த்து எதையும் வாங்கினதே இல்லை" என்று சொன்னவரிடம் திரும்பி, "இங்கே எல்லாருமே அதைத்தான் எழுதியிருக்கீங்க, அப்போ அந்த மற்றவர்கள் எங்கே உட்கார்ந்திருக்காங்க?" என்று கேட்டால் போதும். 1983-இல் டேவிசன் என்ற ஆய்வாளர் இதற்கு மூன்றாம் நபர் விளைவு என்று பெயர் வைத்தார் என்பதை அதற்குப் பிறகு சொல்லுங்கள், மறக்கவே மாட்டார்கள்.

கொஞ்சம் பெரிய ஒன்றை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எல்லாமே சின்னச் சின்ன ஏற்பாட்டில்தான் இருக்கிறது. 1950-இல் மேசன் ஹேர் என்ற உளவியலாளர், உடனடிக் காபித்தூளை ஏன் வாங்குவதில்லை என்று பெண்களைக் கேட்டபோது சுவை பிடிக்கவில்லை என்றார்கள். அவர் நேரடியாகக் கேட்பதை நிறுத்திவிட்டு இரண்டு மளிகைப் பட்டியல் தயாரித்தார். ஏழு பொருளில் ஆறு இரண்டிலும் ஒன்றே, ஒன்றில் உடனடிக் காபி, மற்றதில் அரைத்த காபித்தூள். பட்டியலைப் பார்த்து, இதை எழுதிய பெண் எப்படிப்பட்டவர் என்று சொல்லச் சொன்னார். உடனடிக் காபிப் பட்டியலைப் பார்த்தவர்களில் 48 சதவீதம் பேர் அவரைச் சோம்பேறி என்றார்கள், மற்றப் பட்டியலுக்கு அது 4 சதவீதம்தான். சுவை என்று சொன்னதற்குப் பின்னால் இருந்தது, மற்றவர்கள் என்னை என்ன நினைப்பார்கள் என்ற கவலை.

இதை உங்கள் வகுப்பில் செய்யும்போது காபிக்குப் பதிலாக, இன்றைக்கு ஆட்களுக்கு அபிப்பிராயம் இருக்கும் ஒன்றை வையுங்கள். நறுக்கிப் பாக்கெட்டில் வரும் காய்கறி ஒரு பட்டியலில், முழுக் காய்கறி மற்றதில், அவ்வளவுதான். இரண்டு தாளும் ஒரே எழுத்துருவில், ஒரே நீளத்தில் இருக்கட்டும். அடுக்கும்போதே ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்துவிடுங்கள், வலது பக்க வரிசைக்கு ஒன்று இடது பக்க வரிசைக்கு ஒன்று என்று கொடுக்காதீர்கள், நண்பர்கள் ஒரே வரிசையில்தான் உட்காருவார்கள். இரண்டு பட்டியல் இருக்கிறது என்று மூச்சுவிடக் கூடாது. பட்டியலை எழுதியவர் எப்படிப்பட்டவர் என்று ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் எழுதட்டும். தாள்களை வாங்கி, பெயர் சொல்லாமல், பட்டியலைக் காட்டாமல், வர்ணனைகளை மட்டும் உரக்கப் படியுங்கள். ஒருவர் 'வேலைக்குப் போகும் அம்மா, நேரமில்லை' என்று எழுதியிருப்பார், இன்னொருவர் 'வீட்டைக் கவனிக்காதவர்' என்று எழுதியிருப்பார், ஒரே பட்டியலுக்கு ஏன் இத்தனை விதமான ஆள் என்று வகுப்பில் சலசலப்பு வரும். அப்போது இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் போடுங்கள். பட்டியலை எழுதியவர் பெண் என்று யாரும் சொல்லவே இல்லையே, ஏன் எல்லாரும் பெண்ணாக எழுதினீர்கள் என்ற கேள்வியும் பல வகுப்புகளில் அங்கேயே எழும்பும். அதை அடக்காதீர்கள், அன்றைய பாடத்திட்டத்தைவிட அது முக்கியம்.

இந்த முறைக்கு எதிராக எல்லாரும் சொல்வது: நாற்பது பேர் வகுப்பில் விளைவு வராமல் போனால்? வராமல் போகும், அடிக்கடி. அதற்காகவே இந்த முறையை நான் சிபாரிசு செய்கிறேன். 2000-இல் வந்த ஜாம் ஆய்வில், கடையில் சுவைத்துப் பார்க்க 24 வகை ஜாம் வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் பேரும், 6 வகை வைத்தபோது 30 சதவீதம் பேரும் வாங்கினார்கள். எல்லாப் பாடப்புத்தகத்திலும் இது இருக்கிறது. 2010-இல் இதுபோன்ற சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். 2015-இல் இன்னொரு தொகுப்பாய்வு, எந்தச் சூழலில் அது வரும், எதில் வராது என்று பிரித்துக் காட்டியது. அதே 2015-இல்தான் உளவியலின் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் 36 சதவீதம் மட்டுமே மீண்டும் புள்ளியியல் ரீதியாகத் தேறின. இதையெல்லாம் விரிவுரையாகச் சொன்னால் மாணவர் 'அப்போ எதையுமே நம்ப முடியாதா' என்று சோர்ந்துவிடுவார். தன் வகுப்பிலேயே ஒரு விளைவு வராமல் போனதைப் பார்த்தவர் வேறு கேள்வி கேட்பார்: ஆட்கள் போதவில்லையா, தாள் சரியாகக் கலக்கவில்லையா, நம் வகுப்புக்கு இது பொருந்தவில்லையா? அந்தக் கேள்வி வந்துவிட்டால் நான் பாதி செமஸ்டர் ஜெயித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்வேன். உங்களிடம் வேண்டுவது, வராததை வந்த மாதிரி காட்டாமல் 'இன்றைக்கு வரவில்லை' என்று பலகையில் எழுதும் மனசு மட்டும்தான்.

குறைகளும் இருக்கின்றன. சிலபஸ் மெதுவாக நகரும். குடும்பம், வர்க்கம், பண்பாடு, வாங்கிய பிறகு வரும் திருப்தியும் மனவருத்தமும், இவையெல்லாம் ஒரு தாளுக்குள் அடங்காது. அந்தப் பகுதிக்கு நான் வைப்பது வாங்கல் டைரி: அடுத்த இரண்டு வாரத்தில் என்னென்ன வாங்குவேன் என்று முதலில் எழுதி மூடி வைத்துவிட்டு, பிறகு உண்மையில் வாங்கியதை ரசீதோடு குறித்து, இரண்டுக்கும் இடையே விழுந்த இடைவெளியை விளக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ஒரே வகுப்பில் கையில் காசு புரளுபவரும் இருப்பார், ரசீது என்று காட்ட எதுவுமே வாங்காதவரும் இருப்பார். டைரி உங்களுக்குக்கூட வரக் கூடாது, அவர்களிடமே இருக்கட்டும். எந்தப் பொருளையும் காரணம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று முதலிலேயே சொல்லுங்கள், விளக்கத்துக்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள்.

எண்பது, நூறு பேர் இருக்கும் வகுப்பு என்றால் தாளுக்குப் பதிலாக போனில் இரண்டு லிங்க் அனுப்பி அதே சோதனைகளைச் செய்யலாம், ஆட்கள் அதிகம் என்பதால் முடிவு இன்னும் தெளிவாகவே வரும். பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து படிப்பவர்கள் என்றால் கேஸின் பங்கைக் கூட்டுங்கள், அவர்களிடம் சொல்ல அனுபவம் இருக்கிறது, அதை வெளியே கொண்டுவர கேஸ்தான் நல்ல கருவி.

தேர்வுத்தாளை வெளியாட்கள் தயாரித்து, வரையறைகளையும் மாடல்களையும் கேட்கும் இடத்தில் இருக்கிறீர்கள் என்றால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு உங்கள் விருப்பப்படி நடத்த முடியாது, மாணவரின் மதிப்பெண்ணில் உங்களுக்கு விளையாட உரிமையில்லை. அப்போது ஒவ்வொரு வகுப்பின் கடைசிப் பதினைந்து நிமிடத்தை ஒதுக்குங்கள். அன்றைக்குப் பலகையில் கிடைத்த எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேர்வுத்தாளில் இது எந்தப் பெயரில் வரும், எந்த யூனிட்டில் இருக்கிறது, ஐந்து மதிப்பெண்ணுக்கு எவ்வளவு எழுத வேண்டும், பத்துக்கு எவ்வளவு என்று நேராகச் சொல்லிக் கொடுங்கள். பத்து மதிப்பெண் விடையில் உதாரணம் கேட்பார்கள், அதற்குத் தங்கள் வகுப்பின் எண்களையே எழுதச் சொல்லுங்கள்.